சபாபதியின் பதினோராவது விதி

சபாபதிக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. அவருக்கு வரும் இ-மெயிலை டைப்பிஸ்ட் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து வைப்பாள். அவர் அதன் அடியில் பென்சிலால் பதில் எழுதுவார். அவள் அதை டைப் அடித்து அனுப்புவாள். இப்படிப்பட்டவரிடம்தான் 1997இல் எங்கள் பல்கலைக்கழகம், வளாகத்தில் வயர்லெஸ், நெட்வொர்க் கருவிகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று விதிகள் எழுதச் சொன்னது. அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தாத்தா ரயில்வேயில் கிளார்க், அப்பா அரசாங்க ஆபீஸில் கிளார்க், இவர் பதிவாளர் அலுவலகத்தில் அதிகாரி. மூன்று தலைமுறையாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகிய குடும்பம். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் ஒரே நிறம். சொந்தமாக ஒரு வரி எழுதுவதைக் குடும்பத்துக்கே கேவலம் என்று நினைத்தார். எது வந்தாலும் முதலில் பழைய ஃபைலைத் தேடுவார்.

தேடினார். 1974இல் மாணவர் விடுதிக்குப் போட்ட அயர்ன் பாக்ஸ், ஹாட் பிளேட் விதிகள் கிடைத்தன. அயர்ன் பாக்ஸ் என்று இருந்த இடத்திலெல்லாம் கருவி என்று போட்டார். வேலை முடிந்துவிட்டது. நான்காவது விதி, கருவியைத் திரைச்சீலைக்கு அருகில் வைக்கக்கூடாது. ஏழாவது விதி, ஈரக் கையால் தொடக்கூடாது. பதினோராவது விதி, மாலை ஆறு மணிக்குக் கருவியை அணைத்து, காவலர் அறையில் ஒப்படைத்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காலை எட்டு மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஆறு பேராசிரியர்கள் உட்கார்ந்த கமிட்டி இதைக் கால் மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு கறிபாப் பலகாரம் சாப்பிடப் போனது. நான் அங்கே கம்ப்யூட்டர் டெக்னீஷியன். விதிகளை கேண்டீன் சுவரில் ஒட்டியவன் நான்தான். நண்பர்களுக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். கிள்ளானில் இருந்த வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் அந்த ஈரக் கையை நினைத்துச் சிரித்தேன். மற்றபடி யாரும் அந்த விதிகளைச் சட்டை செய்யவில்லை.

சீதாலெட்சுமி கேரி தீவு எஸ்டேட்டிலிருந்து வந்த பெண். பொறியியல் கடைசி வருடம். லேப்புக்கும் லைப்ரரிக்கும் நடுவே கேபிள் இல்லாமல் தகவல் அனுப்புவது அவளுடைய ப்ராஜெக்ட். ஏழு நாள், இரவு பகலாக, ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடிய பதிவு வேண்டும். ஞாயிறு மாலையோடு ஏழு நாள் முடியும், திங்கள் காலை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். ஏரியலைக் கட்டிக் கொடுத்ததே நான்தான்.

ஐந்தாவது நாள், வெள்ளிக்கிழமை, ஆறு மணி தாண்டியதும் சபாபதி ஒரு காவலரோடு லேப்புக்குள் வந்தார். யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பிள்ளை, இங்க ஏதோ வயர்லெஸ் ஓடுதாம். ஆறு மணிக்கு மேல ஓடக்கூடாது. ரூல் பதினொண்ணு."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் விட்டுருங்க சார். நடுவுல நின்னா திரும்ப முதல்லேருந்து ஓட்டணும். எனக்கு ஒரு வருஷம் போயிரும். லெக்சரர் லெட்டர் கொடுத்திருக்காரு சார்."

"லெட்டர் வேற, ஃபார்ம் வேற லா. ஃபார்ம் மூணு காப்பி வேணும்."

கடிதத்தை அவர் கையில்கூட வாங்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து, அங்கே இருந்த ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். அது செத்துப் போய் மூன்று வருடமான பழைய மோடம். காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தோம். உண்மையான கருவி, சோப்பு டப்பா அளவில், ஜன்னல் ஓரத்தில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இத கொண்டு போயி கார்ட் ரூம்ல வைங்க" என்று மலாயில் காவலரிடம் சொன்னார்.

சீதாலெட்சுமி என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. நான் சும்மா இருந்தால் போதும். சபாபதி ஒரு செத்த மோடத்தோடு திருப்தியாக பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேருவார்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விதி எழுதியவருக்கே கருவி எது என்று தெரியவில்லை. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

"சார், அது பழைய மோடம். பேப்பருக்கு வெயிட்டா வச்சிருக்கோம். நீங்க தேடுறது ஜன்னல்ல இருக்கு."

அவர் அசடு வழிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மோடத்தைக் கீழே வைத்துவிட்டு, தூசு போகக் கையைத் தட்டிக்கொண்டார்.

"தேங்க்யூ ஜெயராஜ். அப்ப நீங்களே கழட்டிருங்க."

கழட்டினேன். பச்சை விளக்கு அணைந்தது. நானே காவலர் அறைக்குத் தூக்கிப் போனேன். சீதாலெட்சுமி பின்னாலேயே வந்தாள், அழவில்லை.

"அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாது அண்ணே. உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

அந்த வருடம் அவளுடைய வகுப்பு அவள் இல்லாமல் பட்டம் வாங்கியது. சபாபதி மாலையும் கேடயமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். விதிகளை அடுத்த ஆள் தூக்கிப் போட்டார். அப்போது அந்தக் காவலர் அறைப் புத்தகத்தை நான் புரட்டிப் பார்த்தேன். பதினோராவது விதிப்படி கருவியை ஒப்படைத்தவர் என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. அது என்னுடையது.