யாருக்கு, எதை

இரண்டு வருடம் மெக்சிகோவில் வேலை பார்க்கிறேன் என்று கம்பெனியில் தலையாட்டிவிட்டு வந்தவன், வீட்டில் வாயைத் திறக்கவில்லை. "கஸ்டமர் மெக்சிகோக்காரன், போன்ல பேச ஸ்பானிஷ் கத்துக்கணுமாம்" என்று மட்டும் மனைவியிடம் சொல்லி வைத்தேன். அவள் நம்பிவிட்டாள். அதுதான் உறுத்தியது.

கல்யாணமான புதிதில் அவளுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் லேப் வேலை. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அந்த வேலையை விட வைத்தவன் நான். அப்படிப்பட்டவன்தான் இப்போது அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மெக்சிகோவுக்குச் சரி சொல்லியிருந்தேன்.

ஆன்லைன் வகுப்பில் மற்றவர்கள் திணறிய இடம் எனக்கு அல்வா சாப்பிடுவது போல இருந்தது. 'தே லோ திஹே.' தே என்றால் உனக்கு, லோ என்றால் அதை, திஹே என்றால் சொன்னேன். அப்படியே நம் வரிசை. முதலில் யாருக்கு, அடுத்து எதை, கடைசியில்தான் வினை. அவளிடமும் இதைப் பெருமையாக விளக்கினேன். ஒரே வித்தியாசம், தமிழில் இரண்டையும் விழுங்கிவிடலாம். "வீட்ல சொல்லிட்டியாப்பா?" என்று மேனேஜர் கேட்டபோது "சொல்லிட்டேன் சார்" என்றேன். யாருக்கு, எதை என்று அவரும் கேட்கவில்லை, தமிழும் கேட்கவில்லை. ஸ்பானிஷில் அப்படித் தப்பிக்க முடியாது.

ஒரு ஞாயிறு காலை, "குடுங்க, நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க" என்று பயிற்சிக் கேள்விகள் இருந்த போனை அவளே வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் ஊர் உத்தனப்பள்ளி. பிறந்த வீட்டில் தெலுங்கு. "எங்களுக்கு 'லோ'ன்னா 'உள்ளே'. இவங்களுக்கு 'அதை'யாமா?" என்று சிரித்தாள்.

"நான் அவருக்கு அதைக் குடுத்தேன்."

"லே லோ..." என்று ஆரம்பித்தேன்.

"தப்பு. அவருக்குங்கிற லேயும் லோவும் பக்கத்துல வந்தா, லே வந்து சே ஆயிடுமாம். அடுத்தது. நான் உனக்கு அதைச் சொல்லல."

"நோ தே லோ திஹே."

அவள் போனிலிருந்து நிமிர்ந்தாள். "இது மட்டும் யோசிக்காம வருதே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குமேல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை, அழவில்லை.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

மேனேஜர், எச்.ஆர்., கூட வேலை பார்ப்பவர்கள், ஸ்பானிஷ் டீச்சர். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அவள் போனை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"உனக்குங்கிறது முதல்ல வரும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள்.