பேத்தியின் புழுத் தொட்டியில் நான் போட்ட சுண்ணாம்பு

பெரிய பேரன் பெங்களூரில் இன்ஜினியர். சின்னவன் டிப்ளமோவில் முதல் வகுப்பு. பேத்தி கலா விவசாயக் கல்லூரியில் மண்புழு உர ஆராய்ச்சி செய்கிறாள்.

அவள் புழுக்கள் எங்கள் வீட்டுத் தொட்டியில்தான் வளர்ந்தன. அரைத்த சமையல் கழிவோடு வாரம் ஒரு சிட்டிகை போட, வெள்ளைத் தூள் ஒன்று தந்திருந்தாள். உரம் சீக்கிரம் ஆகுமாம்.

தூள் தீர்ந்துவிட்டது. அதே மாதிரி இருக்கிறதே என்று, வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பை இன்று காலை இரண்டு கை அள்ளிப் போட்டேன். தொட்டி கொதித்தது. ஒரு புழுவும் மிஞ்சவில்லை.

மதியம் போன் வந்தது. "ஆயா, புழுங்க எப்படி இருக்குது?"

"உன்ன மாதிரியே சுறுசுறுப்பா கீதுங்கம்மா."

"அப்ப புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடு. சாருக்குக் காட்டணும்."

வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். கலா, வேண்டிய மட்டும் திட்டு. திட்டி முடித்ததும் உன் புதுப் போட்டோ ஒன்று போடு, சுறுசுறுப்பை அதில் பார்த்துக்கொள்ளலாம். புழு போட்டோ மட்டும் கேட்காதே.