கூறைச் சேலைக்குள் ஒரு படகு

ஜெயபுரத்தில் எல்லோருக்கும் வயல்தான். பக்கத்து வீட்டுத் தேனுகா மட்டும் அங்கேயே இருந்துகொண்டு படகு ஓட்டுகிறாள். கணினிக்குள் ஓட்டுகிறாள். ஓடும் படகைச் சுற்றித் தண்ணீர் எப்படி விலகும், எங்கே சுழிக்கும் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. உண்மையான படகில் ஏறினால் வாந்தி எடுப்பாள். அதைக் கம்பனி கேட்கவில்லை.

ஒரு படகின் கணக்கு முடிய மடிக்கணினி ஒரு கிழமை, ஏழு நாளும், நிற்காமல் ஓடவேண்டும். அதற்குள் சரஸ்வதி பூசை வந்துவிட்டது. மகளுக்குச் சோறு போடும் சாமானைப் படத்துக்கு முன்னால் வைக்காமல் விடத் தாய் நேசமலரக்காவுக்கு மனம் வரவில்லை.

"நிப்பாட்டாமல் வையுங்கோ அம்மா," என்றாள் தேனுகா. மூடினாலும் ஓடும்படி செய்தும் கொடுத்தாள். அவ்வளவு விவரமான பிள்ளை.

நேசமலரக்கா நிற்பாட்டவில்லை. மூடியில் சந்தனம் வைத்து, தன் கூறைச் சேலையால் நாலு சுற்றுச் சுற்றி, மேலே புத்தகங்களையும் அடுக்கினார். விசயதசமிவரை எவரும் தொடக்கூடாது. தண்ணீர் போகும் வழியெல்லாம் தெரிந்த தேனுகா, சேலைக்குள் காற்று எந்த வழியால் போகும் என்று யோசிக்காமல் அவலும் கடலையும் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் விசயதசமிக் காலை அவிழ்த்தபோது, சூடு தாங்காமல் அது தானாகவே நின்றிருந்தது. திரும்பப் போட்டால் கணக்கெல்லாம் போய், திரையில் படகு மட்டும் அசையாமல் நின்றது. தேனுகா தலையில் கை வைத்து அழுதாள்.

நேசமலரக்கா எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏன் பிள்ளை அழுறாய்? அம்மாள் காப்பாத்திப் போட்டா. படகு தண்ணிக்குள்ள தாழேல்லைத்தானே."