திருப்பி வைக்காத கண்ணாடி

கிருபாராணிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பல் தேய்க்கும்போதே அடுப்பைப் பற்றவைப்பவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: அசையாமல் உட்கார்ந்து கோடுகளைப் பார்ப்பது!

திசையன்விளையில் இயற்பியல் படித்து, பைக் கம்பெனியில் வேலை பார்க்கும் வெஸ்லினைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து பதினொரு வருஷம். சிப்காட்டில், லேசர் கருவிகளுக்குக் கண்ணாடி மெருகிடும் சின்னக் கம்பெனி ஒன்றில் அளவு பார்ப்பது அவள்தான். மெருகிட்ட கண்ணாடிமேல் லேசரைப் பாய்ச்சுவாள். அதில் பட்டுத் திரும்பும் ஒளியும், பழுதில்லாத இன்னொரு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றாகச் சேர்ந்து கறுப்பும் வெளுப்புமாகக் கோடு போடும். கேமரா அதைப் படம் பிடிக்கும். கோடு நேராக இருந்தால் கண்ணாடி சமம். வளைந்தால் மேடோ பள்ளமோ இருக்கிறது.

பெங்களூர் ரோட்டில் லாரி போனால் கோடு ஆடும். தொட்ட கையின் சூட்டுக்கும் ஆடும். அது அடங்க இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது.

ஒரு கண்ணாடியை அளந்ததும் கால்வட்டம் திருப்பி வைத்து மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி. மேடும் கூடவே திரும்பினால் குற்றம் கண்ணாடியில். நின்ற இடத்திலேயே நின்றால் குற்றம் கருவியில். திருப்பக் கை வைத்தால் மறுபடி சூடு, மறுபடி இருபது நிமிஷம். வேலை குவிந்து கிடந்த ஒரு வாரத்தில் அவள் திருப்புவதை விட்டாள். திருப்பிப் பார்த்ததாக மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேட்பாரில்லை, அதுவே பழக்கமாகிவிட்டது.

பிறகு தங்கதுரை மெருகிட்ட கண்ணாடிகள் வரிசையாகத் தவறின. எல்லாவற்றிலும் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஒரு மேடு. மத்தூர்க்காரர், பதினெட்டு வருஷ மெருகுக்காரர், கம்பெனியில் மெருகிட அவர் ஒருவர்தான். அளவு பார்க்கும் அறைக்கே வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, மெஷின்ல சுத்தற கண்ணாடி இது. தேஞ்சா சுத்தியும்தான தேயும்? ஒரு பக்கமா மட்டும் எப்டி மேடு நிக்கும்?"

நல்ல கேள்வி. நின்று யோசித்திருக்கலாம். மகராசிக்கு அவசரம். "கோடு பொய் சொல்லாதுண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தாள். மறுநாள், இனி வர வேண்டாம் என்று மேனேஜர் பிரதாப் அவரிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் புது ஆள் மெருகிட்ட கண்ணாடி வந்தது. அதே இடத்தில் அதே மேடு. அவளுக்குப் பகீரென்றது.

கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். இருபது நிமிஷமும் அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்தாள். கோடு அடங்கியது. மேடு நின்ற இடத்திலேயே நின்றது.

கேமராவைக் கழற்றிப் பார்த்தாள். சமீபத்தில் மாற்றிய புதுக் கேமரா. இந்த வேலைக்கு, படம் பிடிக்கும் சென்சார்மேல் மூடியாக இருக்கும் மெல்லிய கண்ணாடியை எடுத்துவிட்டு விற்கும் கேமராதான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் லேசர் அந்த மூடிக்குள்ளேயே பட்டுத் திரும்பித் தன் பங்குக்கு ஒரு கோலம் போடும். இதில் மூடி பத்திரமாக இருந்தது. வாங்கியவர் தப்புதான். ஆனால் ஒரே ஒரு கண்ணாடியைத் திருப்பியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

கேமராவைக் காட்டி, தங்கதுரைமேல் தப்பில்லை என்றாள். பிரதாப் குரலைத் தாழ்த்தினார். "கேமராவ மாத்திடலாம், விடுங்க. அந்தாள எதுக்கு இழுக்கறீங்க? திருப்பிப் பாத்ததா உங்க கையெழுத்துதான இருக்குது?"

"அது பொய்க் கையெழுத்து சார். எழுதியே தாரேன்."

நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். தங்கதுரையைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி அதிலேயே கேட்டிருந்தாள். பிரதாப் படித்து முடிக்குமுன் வெளியே வந்து போன் போட்டாள்.

"சொல்லும்மா. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரில இருக்கறேன். இன்னும் ரெண்டு நம்பர்ல கூப்புட்டுருவாங்க."

"யாருக்குண்ணே முடியல?"

"எனக்குத்தான். கை நடுங்குதோன்னு காட்ட வந்தேன். இல்லாட்டி அந்த மேடு எங்கிருந்தும்மா வரும்?"

"உங்க கை நல்லாத்தான் இருக்குண்ணே. மேடு கேமராவுல. நான் திருப்பியே பாக்கல. என் தப்புண்ணே."

அந்தப் பக்கம் அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். வேலையைப் பற்றிக் கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"ரெண்டு வாரமா டீ டம்ளர ரெண்டு கையிலயும் புடிச்சுத்தாம்மா குடிக்கறேன்" என்றார்.