டப்பா பாலை நிறுத்திய மூன்று நாள்

உப்பளம் பேட்டையில் ரஞ்சிதத்தின் பிள்ளை குப்பனைத் தூக்கிக் கொஞ்சாதவர்கள் இல்லை. இரண்டரை வயதில் கன்னம் தொங்க, தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. மீன் விற்கப் போகிற தெருவில் யாராவது பிள்ளையைப் பற்றிப் பெருமையாகக் கேட்டுவிட்டால் அவளுக்குக் கூடையின் பாரமே தெரியாது.

அவள் கொடுத்ததெல்லாம் டப்பா பால், பிஸ்கட், வனஸ்பதியில் பொரித்த பூரி. காரணம் இருந்தது. மூத்தவள் தனம் ஒன்றரை வயதில் சோறு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், எலும்பும் தோலுமாய்ப் போய்ச் சேர்ந்தாள். அடுத்ததாவது தங்கட்டும் என்றுதான் இவனைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பேர் வைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் பஞ்சநாதன், எது வாங்காவிட்டாலும் டப்பா வாங்க மறக்கமாட்டான்.

1959 ஆவணியில் பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. என்னென்ன கொடுக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உடம்பு முழுக்கக் கொழுப்புதான் இருக்கு, ரத்தம் இல்ல. டப்பா பாலும் வனஸ்பதியும் இன்னியோட நிறுத்திடும்மா. சோறு, மீனு, கீரை, முட்டை குடு."

இரண்டு மூன்று நாள் அடம்பிடிப்பான், தண்ணீரை மட்டும் விடாதே, பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்று மருந்தும் கொடுத்து அனுப்பினார்.

முதல் நாள் குப்பன் சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். தொண்டை கட்டும்வரை அழுதான். ரஞ்சிதம் வியாபாரத்துக்குப் போகவில்லை. மறுநாள் கத்தவுமில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தனம் படுத்ததும் அப்படித்தான். ரஞ்சிதம் தண்ணீரைப் புகட்டினாள், குடித்தான். சோற்றை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

பொழுது சாயப் பஞ்சநாதன் புது டப்பாவோடு வந்து நின்றான். "தனத்த மண்ணுல போட்டது டாக்டரம்மாவா? நாமதான போட்டோம்" என்றான்.

ரஞ்சிதம் டப்பாவை வாங்கி மடியில் வைத்தாள். கத்தியை மூடியில் ஊன்றினாள். பிள்ளை நாலடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. சட்டென்று டப்பாவை அவனிடமே தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

நர்ஸ் சுலோசனா பிள்ளையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கு எத்தனை தடவை போனான் என்று கேட்டாள்.

"நாக்கு ஈரமா இருக்குக்கா, உடம்புல தண்ணி வத்தல. வேணும்னுதான் பிடிவாதம் பண்றான். நாளைக்குச் சாயங்காலமும் சாப்பிடலன்னா கொண்டா, நான் இருக்கேன்."

மூன்றாம் நாள் மத்தியானம்தான் ரஞ்சிதத்துக்குத் தானும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. கவளை மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது தட்டில் ஒரு சின்னக் கை விழுந்தது. அவள் நிமிரவில்லை. முள் நீக்கிய மீனை அந்தப் பக்கமாக நகர்த்தினாள். இரண்டு வாய் தின்றான். காரம் தாங்காமல் மூன்றாவதைத் துப்பினான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கையை நீட்டினான்.

பஞ்சநாதன் டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு முட்டை வாங்கி வந்தான்.

கார்த்திகைக்குள் குப்பன் இளைத்துவிட்டான். இருமல் போய்விட்டது. தெருவில் பிள்ளைகள் பின்னால் ஓடினான். ஆனால் கொஞ்சியவர்களே, பிள்ளையைப் பட்டினி போட்டாயா என்று ரஞ்சிதத்தை முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இருந்தாலும், குப்பன் தட்டில் ஒரு கைச் சோறு மிச்சம் வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவளுக்கு எந்த வேலையும் ஓடாது.