வாசல் கல்லில் ஒரு குழி

நாற்பது ஆண்டுகளுக்கு முன் மேடையேறி ஒரு பொய் சொன்னேன். செத்துப்போன காவல்காரன் ஒருவனைத் துரோகி ஆக்கினேன்.

அப்போது அரிமளம் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் சரித்திர ஆசிரியர். பழைய மண்கோட்டை இருந்த பக்கத்து ஊரின் ஆடித் திருவிழாவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பீரங்கி உடைத்த கோட்டைக் கதவை முதுகால் தாங்கியபடியே காவல்காரன் செத்தான் என்பதுதான் ஊர்க் கதை. அதனால் திருவிழாவின் முதல் தேங்காய் அவன் வம்சத்துக்கு. என் பேச்சில் கூட்டம் கலையத் தொடங்கியது. “இல்லை, வெள்ளைக்காரனிடம் பொன் வாங்கிக்கொண்டு அவன்தான் கதவைத் திறந்தான்” என்றேன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆடியிலிருந்து முதல் தேங்காய் வேறு வீட்டுக்குப் போனது.

இந்த ஆடியில் மறுபடி போனேன். காலை ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ். அரிமளத்தில் இறங்கினால் கோட்டை நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். மண்கோட்டை கரைந்து பொட்டலாகிவிட்டது. வாசலின் இரண்டு கருங்கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன.

“இங்கிட்டு வாங்க சார்,” என்றார் ஆட்டோக்காரர். “இந்தக் குழியிலதான் பொன் முடிப்ப ஒளிச்சு வச்சான். துப்பிட்டு வாங்க, எல்லாரும் துப்புவாக.”

அவர் காட்டியது தூணில் கதவின் தாழ்க்கட்டையைச் செருகும் குழி. முடிப்பை நான்கூடச் சொல்லவில்லை. பிறகு யாரோ சேர்த்தது.

வாளியோடு ஒரு பெண் வந்தார். “துப்புறதுன்னா இப்பவே துப்பிருங்க. கழுவுனப்பெறகு இன்னொரு தடவ தண்ணி தூக்க முடியாது.”

“அந்தக் காவக்காரன் வீட்டு ஆளு சார்,” என்று ஆட்டோக்காரர் முணுமுணுத்தார்.

நான் யாரென்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

“அந்த வாத்தியாரு நீங்கதானா? எம் மகன பள்ளிக்கூடத்துல பேரு சொல்லி ஒருத்தரும் கூப்புட்டதில்ல. ‘கதவு தொறந்தான்’தான்.”

“நான் என்ன செய்யட்டும்மா?”

“மைக்குலதான சொன்னீங்க? மைக்குலயே சொல்லுங்க.”

மாலை நான்கு மணிக்கு மேடையேறிச் சொன்னேன். காவல்காரன் கதவைத் திறந்தான் என்றது என் கற்பனை, அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். யாரும் கைதட்டவில்லை. விழாக்காரர் ஒருவர் மைக்கை வாங்கி, “சாருக்கு வயசாயிருச்சு, வெயில் வேற. ஒரு சோடா குடுங்கப்பா” என்றார். கூட்டம் சிரித்தது. இந்த முறையும் முதல் தேங்காய் வேறு வீட்டுக்கே போனது. அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பின் இருக்கையில் இருவர்.

“வாத்தியாருக்கு அந்த வீட்ல எவ்வளவு குடுத்திருப்பாக?”

“அன்னைக்கு வெள்ளைக்காரன்கிட்ட வாங்குன பொன்னுல மிச்சம் இருக்கும்ல?”

திரும்பினேன். “நான் எதுவும் வாங்கவில்லை.”

“சரிங்க சார்,” என்றார் ஒருவர், மிக மரியாதையாக. பிறகு இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.