கஞ்சி தடவி ஒட்டிய ஸ்டாம்பு

எங்கள் வீட்டு எனாமல் பேசினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் நீலமாக மாறியது. துணிக்குப் போடும் நீலமல்ல, பேனா மை. இத்தனை வயதாகியும் அந்த நிறம் என்னை விடுவதாக இல்லை.

அப்போது கல்மண்டபத்துப் பக்கம் குடியிருந்தோம். அறுபதுகளின் கடைசி. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வீட்டில் அம்மா, அண்ணி, நான். துறைமுகத்தையொட்டி ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் நான் குமாஸ்தா. எங்கள் சந்தில் பாதி வீட்டுக்குக் கதவு எண்ணே கிடையாது என்பதால் அண்ணன் தன் கடிதங்களை என் ஆபீசுக்குத்தான் போடுவார். சாயங்காலம் அதைக் கொண்டுவரும்போது, ஆபீசுக்கு வந்த வெளிநாட்டு உறைகளின் ஸ்டாம்பு மூலைகளையும் கத்தரித்து எடுத்துவருவேன். மாதா கோயிலில் பழைய ஸ்டாம்பு சேர்த்தார்கள். சாமியார் அவற்றை வெளிநாட்டு மடத்துக்கு அனுப்புவார், அங்கே விற்றுத் தொழுநோயாளிகளுக்கு மருந்து வாங்குவார்களாம். ஸ்டாம்பைக் காகிதத்திலிருந்து பிரித்துக் கொடுப்பது அண்ணியின் பொறுப்பு.

சும்மா சொல்லக்கூடாது, அதில் அவர் படு கெட்டிக்காரி. சாயம் இறங்கும் கலர் உறைகளை முதலில் தனியாக ஒதுக்குவார். மற்றதை வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலே பார்க்க மிதக்கவிட்டு, பசை தானாக இளகும்வரை கை வைக்கமாட்டார். எனக்கு ஏது அந்தப் பொறுமை? பிடித்து இழுப்பேன், கிழியும். "பேப்பர உரி தம்பி. ஸ்டாம்ப இன்னாத்துக்கு இழுக்கற?" என்பார். ஒரு மாலுமி கொடுத்த பளபளப்பான ஸ்டாம்புகளை ஒருமுறை பெருமையாக நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்துப் பற்களை விரலால் தடவினார். "எல்லாம் டூப்பு. முத்திரையயும் சேத்தே அச்சடிச்சிக்கிறான். எல்லாத்துலயும் ஒரே எடத்துல கீது பாரு" என்று தள்ளிவிட்டார். அஞ்சாங் கிளாஸ்தான் படித்தவர்.

பிறகு அண்ணனிடமிருந்து கடிதம் நின்றது. சிங்கப்பூரில் கரையிறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை என்று ஆபீசுக்குத் தகவல் வந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் கெஞ்சாத ஆளில்லை, போடாத மனு இல்லை. அண்ணியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "எறங்கினவரு ஏறி வருவாரு" என்றார். அவ்வளவுதான். ஆனால் தவக்கால நோன்பு எல்லாருக்கும் ஈஸ்டரோடு முடிந்தபோது அண்ணியின் நோன்பு முடியவில்லை. அண்ணன் வரட்டும் என்று சொல்லி, ஒருவேளைச் சாப்பாட்டிலேயே நின்றுவிட்டார். அம்மா திட்டியும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். மழை வருவதற்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டது. இரண்டு முறை குழாயடியில் மயங்கி விழுந்தார். இந்த மனுஷி செத்துப்போய்விடுவார் என்றே எனக்குப் பட்டது.

எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. அண்ணன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கடிதம் எழுதினேன். நலம், வேறு கப்பலில் சேர்ந்திருக்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடு. ஸ்டாம்புக்கு எங்கே போவது? அண்ணி கழுவி உலரவைத்திருந்த குவியலிலிருந்தே ஒரு சிங்கப்பூர் ஸ்டாம்பை எடுத்துக் கஞ்சி தடவி ஒட்டினேன். அதிலிருந்த முத்திரை அரை வட்டமாக ஓரத்தோடு நின்றது. மீதி வட்டத்தை உறையின்மேல் ஆபீஸ் பேனாவால் வரைந்து முடித்தேன்.

அண்ணி இரண்டு முறை படித்தார். அன்று வயிறாரச் சாப்பிட்டார். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அண்ணன் கடிதத்து ஸ்டாம்பும் கடைசியில் கோயிலுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியாதா? பாழாய்ப்போன புத்திக்கு அது தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்த மூலையைக் கத்தரித்துத் தண்ணீரில் போட்டிருக்கிறார். தபால் முத்திரையின் மை தண்ணீரில் கரையாது. என் மை கரைந்தது. ஸ்டாம்பின் அடியிலிருந்து கஞ்சி கொழகொழவென்று எழும்பியது. என்னைத் துடைப்பத்தால் நாலு போட்டிருந்தால் தேவலை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எப்ப தெரிஞ்சுது தம்பி?"

"இன்னா அண்ணி?"

"அவரு பூட்டாருன்னு. கப்பல் ஆபீஸ்ல கீற நீயே டூப்பு எழுதறன்னா, நெசக் கடுதாசி வராதுன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. நீங்க சாப்புடணும்னுதான் எழுதுனேன்."

"சத்தியம் வேற பண்ணாத."

அடுத்த வாரம் கோயிலில் அண்ணனின் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார். தாலியைக் கழற்றி அம்மா கையில் வைத்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். நான் கேட்டது அதுதானே, கிடைத்தது. கோயிலுக்கு ஸ்டாம்பும் பிரித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் மட்டும் தபால் வந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது அண்ணியும் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு குழறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பயாவது சொல்லு தம்பி. அவர எங்க பொதச்சாங்க?" என்றார். அண்ணன் செத்தாரா, எங்கேயாவது இருக்கிறாரா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரியாது அண்ணி என்றேன். கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.